அடிமாட்டு விலை

அத்தியாயம் 4

"என்ட அப்பா ஆக்களை ஏமாத்துவார் மிஸ். ஆனா களவெடுக்க மாட்டார்."

கஜானி இதைச் சொன்னபோது குரலில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. தகப்பனின் இரத்த வகையைச் சொல்வது போலச் சொன்னாள்.

மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குப் பின்னால், கைபேசி திருத்தும் கடையின் மாடியில் இருக்கிறது ஸாதியாவின் அலுவலகம். ஸாதியா காத்தான்குடிக்காரி. முன்பு ஒரு காப்புறுதிக் கம்பனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிப்பதுதான் அவளுடைய வேலை. பொய்யர்களைப் பார்த்து அலுத்துப்போய் அதை விட்டுவிட்டுத் துப்பறியத் தொடங்கினாள். இப்போதும் வருகிறவர்கள் பொய்யர்கள்தான். கட்டணம் மட்டும் அவர்களே கட்டுகிறார்கள்.

"ஏன் களவெடுக்க மாட்டார்?" என்றாள் ஸாதியா.

"விலை பேசாம ஒரு சாமானும் அவருக்கு ருசிக்காது. காய்ச்சல் குளிசை வாங்கினாலும் பாமசில நிண்டு விலை குறைப்பார். களவெடுத்தா ஆரோட மிஸ் பேரம் பேசுற?"

"இதைக் கோட்டில சொன்னா நீதவானே கை தட்டுவார்" என்றான் நிதுர்ஷன்.

நிதுர்ஷன் அவளுடைய உதவியாளன். ஆட்டோ அவனுடையது, ஓட்டுவதும் அவன்தான். கேட்காமலே கருத்துச் சொல்வதும் அவன்தான். நாற்பதைத் தாண்டி, இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகும் அந்த வாய்க்கு இன்னும் ஒரு பூட்டுக் கிடைக்கவில்லை.

விஷயம் இதுதான். கஜானியின் தகப்பன் நல்லரத்தினம் வவுணதீவுப் பக்கத்தில் பேர் போன மாட்டு வியாபாரி. நேற்று விடியக் காலை இராசாத்தி என்ற பெண் தன் செங்காரிப் பசுவைக் காணவில்லை என்று பொலிஸில் முறைப்பாடு வைத்தாள். நல்லரத்தினத்தின் மாட்டுப் பட்டியைப் பாருங்கள் என்றும் சொன்னாள். பார்த்தார்கள். இராசாத்தி வீட்டுக் குறி சுட்ட செங்காரி அங்கே நின்று வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. இன்று பின்னேரம் நல்லரத்தினத்தை நீதவான் முன்னால் கொண்டுபோகப் போகிறார்கள். மாட்டுக் கள்ளன் என்று ஒருமுறை உள்ளே போய் வந்தவனுக்கு மறுபடி மாட்டு வியாபாரம் செய்ய அனுமதி ஏது?

"பொலிஸ்ல ஒரு சாட்சியும் இரிக்கி மிஸ். முந்தாநாள் தேத்தண்ணிக் கடையில அப்பா சத்தம் போட்டவராம். 'இராசாத்திட செங்காரியைக் கயிறு மாத்தாம விடமாட்டன்' எண்டு."

ஸாதியா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீங்க ஸ்கூட்டில முன்னுக்குப் போங்க. நாங்க வாறம்."

*

வலையிறவுப் பாலத்தில் கச்சான் காற்று ஆட்டோவைப் பக்கவாட்டில் தள்ளியது. வாவியில் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. ஸாதியா முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள்.

"கயிறு மாத்துற எண்டா என்ன நிதுர்ஷன்?"

"மாட்டுத் தரகர்மார்ர பாஷை மிஸ். மூணு வருஷம் அவங்களை ஏத்தி இறக்கினவன் நான். அந்தப் பாஷை விளங்காட்டி ஆட்டோக் கூலியும் கைக்கு வராது."

"மத்தப் பாஷையையும் சொல்லுங்க. தூரம் இரிக்கிதானே."

அவனுக்கு அது போதும். ஒரு கையால் ஓட்டி, மறு கையால் விளக்கம் கொடுக்கத் தொடங்கினான்.

"பல்லுப் பார்க்கிற எண்டா மாட்டிட வயசைப் பார்க்கிற. ஆனா வாயைத் திறந்தோடன வாங்குறவன் மூஞ்சியைச் சுழிக்கணும். கிழடு, நோஞ்சான், கண் தெரியா எண்டு வையணும். கலியாணத்துக்குப் பொம்பிளை பார்க்கப் போனவனும் அப்பிடி வைய மாட்டான். மறுகா, தண்ணிக்க கிடக்கிற எருமைக்கு விலை பேசுற. கொம்பு மட்டும்தான் வெளிய தெரியும். கால் நாலும் இரிக்கா இல்லையா எண்டு கரைக்கு வந்தாத்தான் தெரியும். நான் இந்த ஆட்டோவை அப்பிடித்தான் வாங்கினன்."

"தெரியுது."

"ஆனை விலை குதிரை விலை எண்டா கேட்டிட்டுத் திரும்பி வாற விலை. அறா விலை எண்டா கேக்காமலே திரும்பி வாற விலை. தலையில கட்டுற எண்டா, வித்தவன் சிரிச்சுக்கிட்டுப் போவான், வாங்கினவன் வீட்ட போய்த்தான் அழுவான்."

"அடிமாட்டு விலை?"

நிதுர்ஷன் உடனே பகிடி சொல்லவில்லை. அது அவன் வழக்கத்துக்கு மாறு.

"அதுதான் மிஸ் கேவலமானது. பால் தாற மாட்டை, ஏர் இழுக்கிற மாட்டை, இறைச்சிக்கு வெட்டுற மாட்டிட கணக்கில வாங்குற. மாட்டுக்கு ஒரு வருத்தமும் இருக்காது. விக்கிற ஆளுக்குத்தான் வருத்தம் இருக்கும். வீட்டில சாவு, ஆசுபத்திரி, கோடு கச்சேரி. அதை மணந்து பிடிச்சுக்கிட்டு வருவாங்க. நல்லரத்தினத்தார்ட மூக்கு அதில பேர் போனது."

"கயிறு மாத்துறதுக்கு இன்னும் வரல்ல."

"வாங்கி முடிச்சாச்சு எண்டுறது மிஸ். மாடு வாங்குறவன் புதுக்கயிறு கொண்டு வரணும். விக்கிற ஆக்கள் தங்கட பழைய கயித்தைக் கழட்டி வீட்டுக்க வச்சிருவாங்க. மாட்டை வித்தாலும் கயித்தை விக்கிற இல்ல. கயித்தோட வீட்டுச் சீதேவியும் போயிரும் எண்டு நம்புறாங்க. அந்த மனுசன் கடையில சொன்னது, எப்பிடியும் அவளிட்ட வாங்கியே தீருவன் எண்டு. திமிர்ப் பேச்சுத்தான். களவுப் பேச்சு இல்ல."

ஸாதியா பார்வையை வாவிப் பக்கம் திருப்பினாள். அவள் அப்படித் திரும்பினால் ஏதோ ஒன்றைக் கடித்து மென்றுகொண்டிருக்கிறாள் என்று நிதுர்ஷனுக்குத் தெரியும். அவன் ஆட்டோவை வேகப்படுத்தினான்.

*

பொலிஸ் நிலைய முற்றத்து வேம்பின் கீழ் செங்காரி கட்டப்பட்டிருந்தது. நல்ல சாதிப் பசு. கருஞ்சிவப்பு நிறம், ஈரமான பெரிய கண்கள். கழுத்தில் நீல நைலோன் கயிறு. சுற்றுவட்டாரத்தில் வயல் செய்கிற கமக்காரர்கள் ஏழெட்டுப் பேர் மதிலோரம் குந்தியிருந்தார்கள். மாட்டு வியாபாரி பிடிபட்டான் என்று கேட்டதும், தங்கள் வீட்டில் காணாமல்போன மாடுகளையும் அவன் கணக்கில் எழுதிவிட வந்தவர்கள். கஜானி ஸ்கூட்டியில் சாய்ந்தபடி அவர்களிடமிருந்து விலகி நின்றாள்.

"இந்தக் கயிறு மாட்டுக்காரிடையா?" என்று ஸாதியா பொலிஸ் சார்ஜன்டிடம் கேட்டாள்.

"அது எங்கட கிணத்து வாளிக் கயிறு. பட்டிக்க நிக்கக்குள்ள வெறும் கழுத்து. இஞ்ச கொண்டு வந்து சேர்க்க நாங்க பட்ட பாடு! கள்ளனைக் கொண்டு வந்தது லேசு."

"பட்டிக்க வேற கயிறு கிடந்ததா?"

"எல்லாம் தேடிப் பார்த்தம். மத்த மாடெல்லாம் கயித்தோட நிண்டிச்சு. இதுக்குரியது ஒண்டும் இல்ல."

நல்லரத்தினம் கம்பிக்குப் பின்னால் நின்றார். பருத்த உடம்பு, வெற்றிலைச் சிவப்பு ஏறிய வாய். பயந்தவர் போலத் தெரியவில்லை. அவமானப்பட்டவர் போலவும் தெரியவில்லை. ஸாதியாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு முதல் கேள்வி கேட்டார்.

"மகள் உங்களுக்கு எவ்வளவு தாறன் எண்டு சொன்னவள்?"

ஸாதியா சொன்னாள்.

"கூட. பாதி தாறன்."

"ஐயா, கம்பிக்கு உள்ள நிக்கிறது நீங்க" என்றான் நிதுர்ஷன்.

"அதுக்காக? உள்ள நிண்டாலும் விலை விலைதானே."

ஸாதியா அதைக் கேட்காதவள் போல இருந்தாள். "இராசாத்தியிட்ட முந்தி மாடு வாங்கியிருக்கிறீங்களா?"

"வாங்கினன். இருந்த மாடு எல்லாத்தையும் பட்டியோட வாங்கினன். ரெண்டு வருஷத்துக்கு முந்தி." அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நல்ல சாப்பாட்டை நினைத்துக்கொள்கிறவனின் சிரிப்பு. "அது வியாபாரம்!"

"என்ன விலைக்கு?"

"அந்த நேரத்து விலைக்கு."

அந்த நேரம் எந்த நேரம் என்று ஸாதியா கேட்கவில்லை. வெளியே வந்து வேம்படியில் நின்றாள்.

"நிதுர்ஷன், நீங்க மாட்டுக் கள்ளன். இராசாத்திட செங்காரியைக் கொண்டு போறீங்க. எப்பிடி?"

"கட்டையிலயிருந்து கயித்தை அவிழ்த்து, அதில பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போவன்."

"உங்கட பட்டிக்குக் கொண்டு போனாப் பிறகு?"

"அதே கயித்தால கட்டிப்போடுவன். கழட்டினா ஓடிப் போயிருமே."

"சரி. இப்ப நீங்க வியாபாரி. காசு குடுத்து வாங்கினீங்க."

"புதுக்கயிறு போட்டுக் கட்டுவன்."

"வெறும் கழுத்தோட விட்டிட்டுப் போறது ஆர்?"

நிதுர்ஷன் செங்காரியின் கழுத்தைப் பார்த்தான். பாலத்தில் தான் சொன்னதெல்லாம் அவனுக்கே திரும்பி வந்தது.

"அல்லா காப்பாத்தட்டும்" என்றான், கோயிலுக்குப் போகிற அந்த மனிதன்.

*

இராசாத்தியின் வளவு வயல் வட்டைக்குப் போகும் வழியில் கடைசி வீடு. முற்றத்தைக் கூட்டிப் பளிச்சென்று வைத்திருந்தாள். வளவின் பின்பக்கம் மாட்டுக்காலை. இருபது மாடு படுக்கக்கூடிய இடம். தடிகளால் கட்டிய அலம்பல் வேலி இன்னும் உறுதியாக நின்றது. உள்ளே ஒரே ஒரு கட்டை. மற்ற இடமெல்லாம் புல் முளைத்துக் கிடந்தது.

இராசாத்திக்கு ஐம்பது வயதிருக்கும். அவள் இருவருக்கும் மோர் கொடுத்தாள்.

"அவன்ட மகள் அனுப்பினதா உங்களை?"

"ஓம் அக்கா. ஒளிக்கிறதுக்கு ஒண்டும் இல்ல."

"அந்தப் பிள்ளையில எனக்குக் கோவம் இல்ல. கேளுங்க."

"செங்காரிட கயிறு எங்க?"

"கள்ளன் கொண்டு போயிட்டான்."

"கொண்டு போன கயிறு மாட்டில இல்ல. அவர்ட பட்டியிலயும் இல்ல." ஸாதியா மோர்க் குவளையைக் கீழே வைத்தாள். "அக்கா, நீங்க முந்தாநாள் ராவு செங்காரியைக் கூட்டிக்கிட்டுப் போய் அவர்ட பட்டிக்க விட்டிருக்கிறீங்க. மறுகா கயித்தைக் கழட்டி எடுத்துக்கிட்டு வந்திட்டீங்க. கயித்தோட விட்டிருந்தா அவரை ஒருத்தராலயும் காப்பாத்த ஏலா. நான் இஞ்ச வந்திருக்கவும் மாட்டன்."

இராசாத்தி மறுக்கப்போகிறாள் என்று நிதுர்ஷன் நினைத்தான். அவள் உள்ளே போனாள். சாமிப்படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்து வந்தாள். கழுவி, மஞ்சள் பூசி வைத்திருந்தாள்.

"கழட்டாம வர ஏலல்ல தங்கச்சி" என்றாள். "கழட்டாதே, கழட்டாதே எண்டு மனசுக்குச் சொன்னன். கை கேக்கல்ல."

பிறகு அவளே சொன்னாள். யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"மனுசன் ஆசுபத்திரியில கிடந்தார். கிட்னி. கொழும்புக்குக் கொண்டு போகணும் எண்டாங்க. இவன் வந்தான். ஒவ்வொரு மாட்டிட வாயையும் திறந்து பல்லுப் பார்த்தான். எல்லாம் கிழடாம். எல்லாத்துக்கும் வருத்தமாம். கண்டு போட்டுக் கிழமை ஆகாத பசுவுக்கும் அடிமாட்டு விலை சொன்னான். நான் அழுதன். 'இண்டைக்கு இந்த விலை, நாளைக்கு வந்தா இதுவும் இல்ல' எண்டான். குடுத்தன். அடுத்த கிழமையே பால் மாடெண்டு வித்துக் கல்வீடு கட்டினான். அதையும் பொறுப்பன். வியாபாரியிட்ட ஈரம் தேடுறது என்ட பிழை."

அவள் கயிற்றைக் கையில் சுற்றினாள்.

"கயித்தைக் கழட்டப் போனன். எல்லாம் என்ட மனுசன் கையால முறுக்கின கயிறு. 'கயித்தோடதான் விலை, லொறி நிக்கிது' எண்டு என்ட கையைத் தட்டிவிட்டான். பட்டி முழுக்கக் கயித்தோட போச்சு. அண்டைக்கு ராவே மனுசனும் போயிட்டார். செங்காரி அப்ப சின்னக் கண்டு, உதவாதெண்டு விட்டிட்டுப் போனவன். இப்ப வளர்ந்தோடன கடையில நிண்டு இதையும் கயிறு மாத்துவன் எண்டு கத்துறான். கேட்டுக்கிட்டு இருக்கச் சொல்லுறீங்களா?"

அந்த நிமிடம் நல்லரத்தினத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றுதான் ஸாதியாவுக்கும் தோன்றியது. ஆனால் செய்யாத களவுக்கு ஒருவன் உள்ளே போவதைத் தெரிந்துகொண்டும் அவளால் சும்மா இருக்க முடியாது.

"அக்கா, பொலிஸுக்கு நான் சொல்லத்தான் வேணும். ஆனா நீங்க முந்தினா நல்லம். மாடு தானா அவிழ்ந்து போயிட்டு, நான் அவசரப்பட்டுட்டன் எண்டு சொல்லுங்க. முறைப்பாட்டை வாபஸ் வாங்குங்க. உங்களுக்கு ஒரு கேடும் வராது."

இராசாத்தி வெறும் மாட்டுக்காலையை ஒருமுறை பார்த்தாள்.

"ஆட்டோவில இடம் இரிக்கா?" என்றாள்.

வரும் வழியில் நிதுர்ஷன் மெதுவாகச் சொன்னான். "பழியையும் வாங்குற எண்டுதான் சொல்லுறம் மிஸ். ஆனா அதுக்கு எப்பவும் அறா விலைதான்."

பின்னால் இருந்த இராசாத்தி கேட்டுவிட்டாள். "என்னட்ட இருந்த எல்லாத்தையும் முதலே குடுத்திட்டன் தம்பி."

*

பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி முற்றத்துக்கே வந்தார். மதிலோரம் இருந்த கமக்காரர்கள் எழுந்து கிட்ட வந்தார்கள். ஸாதியா இராசாத்தியின் காதில், "அவிழ்ந்து போயிட்டு எண்டு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

இராசாத்தி தலையாட்டினாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"ஐயா, மாட்டை ஒருத்தரும் களவெடுக்கல்ல. நான்தான் கொண்டு போய் அவன்ட பட்டிக்க விட்டன்."

ஸாதியா கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்ன கதை இது?" பொறுப்பதிகாரியின் முகம் சிவந்தது. "பொய் முறைப்பாடு குடுத்தா உன்னில வழக்குப் போடுவன், தெரியுமா?"

"போடுங்க ஐயா. கோட்டில இன்னும் சத்தமாச் சொல்லுவன்."

அவள் சொன்னாள். ஆசுபத்திரி, பல்லுப் பார்த்தது, அடிமாட்டு விலை, தட்டிவிட்ட கை, கயிற்றோடு போன பட்டி. அழவில்லை. ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. விலையைக் கேட்டுக் கமக்காரர்கள் ஆச்சரியப்படவில்லை, அவர்களில் பாதிப்பேர் அதே விலைக்கு அதே ஆளிடம் விற்றவர்கள்தான். கயிற்றைக் கழற்ற விடவில்லை என்றபோதுதான் அவர்களுக்குள் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. ஒரு கிழவர் காறித் துப்பினார்.

பொய் சொல்லி ஒருவனை உள்ளே தள்ள முயன்றவள், உண்மையைச் சொல்லி அவனை வெளியே இழுத்துப் போடுகிறாள் என்பது ஸாதியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. வெளியேதான் எல்லோரும் நிற்கிறார்கள்.

பொறுப்பதிகாரி தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். வழக்கைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை. நல்லரத்தினத்தை விடச் சொன்னார்.

நல்லரத்தினம் சாரத்தை இறுக்கிக் கட்டியபடி படியிறங்கி வந்தார்.

"நான் கள்ளன் இல்ல எண்டு சொன்னன்தானே!" என்று முற்றத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

காறித் துப்பிய கிழவர் முன்னால் வந்தார். மடியை அவிழ்த்து, சுருட்டியிருந்த நோட்டுகளை எடுத்து நல்லரத்தினத்தின் சட்டைப் பையில் செருகினார்.

"என்ன பெரியவர் இது?"

"நீ தந்த அச்சவாரம். என்ட சோடி எருத்தை உனக்கு விக்கிற இல்ல."

"விலை கூட்டித் தாறன் பெரியவர்!"

"எங்கட மாட்டுக்காலைக்க இனி நீ கால் வைக்கப்படா."

அவருக்குப் பின்னால் இன்னொருவர் மடியைத் தடவினார். கையில் காசு இல்லாதவர் ஒருவர், "பின்னேரம் கொண்டு வந்து வீட்ட எறியிறன்" என்றார். நல்லரத்தினம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு விலை சொல்லிப் பார்த்தார். கம்பிக்குப் பின்னால் வராத பயம் இப்போது அவர் கண்ணில் வந்தது. வாவியின் இந்தக் கரையில் அவரிடம் மாடு விற்க இனி ஒரு வீடும் இல்லை.

இராசாத்தி அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. செங்காரியை அவிழ்த்துக்கொண்டு வட்டைப் பக்கம் நடந்தாள்.

கஜானி ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். தகப்பன் கிட்ட வந்து பின்னால் ஏறக் காலைத் தூக்கியபோது, அவள் முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"அந்த அம்மா சொன்னது மெய்யா அப்பா?"

"அது வியாபாரம் மகள். வியாபாரம் எண்டா அப்பிடித்தான்."

"அவட புருசன் சாகக் கிடக்கக்குள்ளயும்?"

"அந்த நேரத்திலதான் விக்கிற ஆக்கள் விலை குறைப்பாங்க."

கஜானி ஸ்கூட்டியை முடுக்கினாள்.

"அப்ப நீங்க நடந்து வாங்க."